இத்தனை ஆண்டுகள் பறந்ததே சான்று என்றார்கள்: நிம்ராட் எக்ஸ்வி 230 விபத்து, ஒரு நிகழ்வு ஆய்வு

2006 செப்டம்பர் 2 அன்று ஆப்கானிஸ்தானில், காந்தகார் நகருக்கு அருகே, பிரிட்டன் விமானப்படையின் நிம்ராட் எம்ஆர்2 விமானம் ஒன்று வானிலேயே தீப்பிடித்து வெடித்தது. அதன் எண் எக்ஸ்வி 230. உள்ளே இருந்த 14 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. தாங்களே சுட்டு வீழ்த்தியதாகத் தலிபான் அறிவித்தது. ஆனால் அன்று யாரும் அந்த விமானத்தைச் சுடவில்லை. விமானியின் பிழையும் இல்லை, வானிலையும் தெளிவாகவே இருந்தது. விபத்துக்கான காரணம் அந்த விமானத்துக்குள் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகப் படிப்படியாகச் சேர்ந்துவந்திருந்தது. அதைக் கண்டுபிடிப்பதற்கென்றே சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய ஆய்வு நடத்தி, முடிந்துவிட்டது என்று கையெழுத்தும் போட்டிருந்தார்கள்.

ராணுவ விமான விபத்துகளைப் பற்றிப் பேசும்போது கடைசிச் சில நிமிடங்களில் விமானி என்ன செய்தார் என்பதிலேயே நம் கவனம் நின்றுவிடுகிறது. இந்த விபத்தில் அந்தக் கடைசி ஆறு நிமிடங்களில் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. அலுவலக மேசைகளிலும் கூட்ட அறைகளிலும் அதற்கு முன் கழிந்த ஆண்டுகளில்தான் பாடம் இருக்கிறது. அதனால் இந்த ஆய்வில் விபத்தில் சம்பந்தப்பட்டவர்களைப் பெயரால் அல்லாமல் அவர்கள் வகித்த பொறுப்பால் மட்டுமே குறிப்பிடுகிறேன்.

பின்புலம்

நிம்ராட் கடல் கண்காணிப்புக்காகப் பிறந்த விமானம். சோவியத் நீர்மூழ்கிகளைத் தேடி வட அட்லாண்டிக் மீது மணிக்கணக்காகச் சுற்றுவதே அதன் முதல் வேலை. உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான காமெட்டின் உடலை அடிப்படையாக வைத்து அதை உருவாக்கினார்கள். காமெட் முதன்முதலில் பறந்தது 1949-ல். நிம்ராட் பணியில் சேர்ந்தது 1969-ல். அவ்வாறு முதன்முதலாகச் சேர்ந்த நிம்ராட் இதே எக்ஸ்வி 230 தான். விபத்து நடந்தபோது அதற்கு வயது 37.

நான்கு எஞ்சின்களும் இறக்கைகளின் அடிப்பகுதிக்குள், உடலை ஒட்டியே பதிந்திருக்கும். கடல்மேல் நீண்ட நேரம் சுற்றும்போது எரிபொருளை மிச்சப்படுத்த ஓரிரு எஞ்சின்களை அணைத்துவிடுவது வழக்கம். பிறகு ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினிலிருந்து சூடான அழுத்தக் காற்றை எடுத்து, அணைந்தவற்றை மீண்டும் இயக்குவார்கள். அந்தக் காற்றை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கொண்டுபோக ஒரு குறுக்குக் குழாய் வேண்டும். அந்தக் குழாயிலிருந்தே இந்த நிகழ்வு தொடங்குகிறது.

2001-க்குப் பிறகு நிம்ராடின் வேலை மாறியது. உடலில் பொருத்திய சக்திவாய்ந்த கேமராவின் உதவியால், ஆப்கானிஸ்தானின் மலைகளுக்கும் பாலைவனத்துக்கும் மேலே பறந்தபடி தரைப்படைகளுக்கு நேரடிப் படங்களை அனுப்பும் கண்ணாக அது ஆனது. கடலே இல்லாத நாட்டில் கடல் விமானம். அந்தப் பணிக்கு நீண்ட நேரம் வானில் தங்க வேண்டியிருந்ததால் பறந்துகொண்டே எரிபொருள் நிரப்புவதும் முன்னைவிட அதிகமாயிற்று.

இந்த விமானத்துக்குப் பதிலாக எம்ஆர்ஏ4 என்ற புதிய வகை 2003-ல் வந்திருக்க வேண்டும். வரவில்லை, தாமதத்துக்கு மேல் தாமதம். புதியது குறித்த காலத்தில் வந்திருந்தால் 2006 செப்டம்பரில் எக்ஸ்வி 230 பெரும்பாலும் பறந்துகொண்டே இருந்திருக்காது என்று பின்னர் அரசு நடத்திய தனி மீளாய்வு சொன்னது.

மூன்று மாற்றங்கள்

முதலாவது, 1969 வடிவமைப்பிலேயே இருந்த குறுக்குக் குழாய். எஞ்சினிலிருந்து வரும் காற்று 400 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக இருக்கக்கூடியது. விமான எரிபொருள் தொட்டால் தீப்பொறியே இல்லாமல் பற்றிக்கொள்ளும் வெப்பம் அது. அந்தக் குழாய், எரிபொருள் தொட்டிகளுக்கும் எரிபொருள் குழாய்களுக்கும் அருகே சென்றது. ஆனால் அணைந்த எஞ்சினை இயக்கத் தொடங்கும் சில நிமிடங்களுக்கு மட்டுமே அதில் சூடான காற்று ஓடும் என்பது ஒரு ஆறுதல்.

இரண்டாவது, 1979 வாக்கில் எம்ஆர்2 ஆக மேம்படுத்தியபோது வந்தது. புதிய மின்னணுக் கருவிகள் அதிக வெப்பத்தை உமிழ்ந்தன. அவற்றைக் குளிர்விக்க விமானத்தின் பின்பகுதியில் ஒரு துணைக் குளிரூட்டி சேர்க்கப்பட்டது. அது இயங்கத் தேவையான காற்றை எங்கிருந்து எடுப்பது? கைக்கு எட்டியது குறுக்குக் குழாய். அதிலிருந்து ஒரு கிளை பிரித்து வலப்பக்கம் 7-ஆம் எரிபொருள் தொட்டியை ஒட்டிய அறை வழியாகப் பின்னோக்கி ஓட்டினார்கள். இதனால் குறுக்குக் குழாயின் இயல்பே மாறியது. முன்பு எப்போதாவது சூடான குழாய், இப்போது பறக்கும் நேரமெல்லாம் சூடாகவே இருந்தது. அந்த அறைக்கு ‘உலர் அறை’ என்று பெயர். திரவம் எதுவும் இருக்கக்கூடாத இடம் என்பதால் அந்தப் பெயர். ஆனால் எரிபொருள் குழாய்களும் அவற்றின் இணைப்புகளும் அதற்குள்தான் இருந்தன.

குழாய்க்கு வெப்பக் காப்புறை போடப்பட்டிருந்தது. ஆனால் அது குழாய் முழுவதையும் மூடவில்லை. வளைவுகளிலும் மூட்டுகளிலும் இடைவெளிகள் இருந்தன. எரிபொருள் ஊறிப்போகக்கூடிய துணி போன்ற உறையும் சில இடங்களில் இருந்தது.

மூன்றாவது மாற்றம் போரில் பிறந்தது. 1982-ல் ஃபாக்லாந்துத் தீவுகள் வெகுதொலைவில் இருந்ததால், நிம்ராடுக்கு வானிலேயே எரிபொருள் நிரப்பும் வசதியைச் சில வாரங்களுக்குள் அவசரமாகப் பொருத்தினார்கள். போர்க்காலத்தில் அப்படிச் செய்ததை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் 1989 வாக்கில் அதை நிரந்தர ஏற்பாடாக மாற்றியபோது நிதானமாக உட்கார்ந்து யோசிக்க நேரம் இருந்தது. டேங்கர் விமானம் அழுத்தத்தோடு எரிபொருளைத் தள்ளும்போது 1-ஆம் தொட்டி நிரம்பினால், மிகுதி அதன் அழுத்த வெளியேற்று வால்வு வழியாக உடலின் வலப்பக்கத்தில் வெளியே கொட்டும். காற்றோட்டம் அதை உடலோடு ஒட்டிப் பின்னே இழுத்துச் செல்லும். பின்னே இருப்பது அதே உலர் அறை. தகடுகளின் இடுக்குகள் வழியாக எரிபொருள் அதற்குள் புகக்கூடும்.

இந்த மூன்றையும் தனித்தனியாகச் செய்தவர்கள் தங்கள் பணியை ஓரளவு ஒழுங்காகத்தான் செய்திருப்பார்கள். ஆனால் எரிபொருள் வரக்கூடிய இடமும் எரிபொருளைப் பற்றவைக்கக்கூடிய சூடும் ஒரே அறைக்குள் சேர்ந்துவிட்டதை, 1969-க்கும் 1989-க்கும் இடையில் யாரும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்கவில்லை. அந்த அறையில் தீயைக் கண்டறியும் கருவியும் கிடையாது, அணைக்கும் கருவியும் கிடையாது. பறக்கும்போது குழுவினர் அங்கே கை வைக்கவும் முடியாது.

கண்ணில் பட்ட அறிகுறிகள்

எரிபொருள் கசிவு நிம்ராடில் புதிதல்ல. பழைய விமானம், ஆயிரக்கணக்கான இணைப்புகள், வயதான ரப்பர் சீல்கள். கசிந்தால் மாற்றுவது, கசியாதவரை விட்டுவிடுவது என்பதே பராமரிப்பு முறை. அந்த சீல்களுக்கு ஆயுள் வரம்பு நிர்ணயிக்கப்படவே இல்லை. கசிவு தொல்லையாகவே பார்க்கப்பட்டது. சூடான குழாயோடு சேர்த்து அதை யாரும் யோசிக்கவில்லை.

1995 மே மாதம் நிம்ராட் ஆர்1 வகை விமானம் ஒன்றில் எஞ்சின் தீப்பற்றி, விமானி அதை ஸ்காட்லாந்தின் மோரே ஃபிர்த் கடலில் இறக்கினார். அதிலிருந்த ஏழு பேரும் பிழைத்தார்கள். கடல் அருகில் இருந்ததும் விமானியின் திறமையும் சேர்ந்து காப்பாற்றின. இத்தகைய வாய்ப்பு காந்தகாரின் மலைப் பகுதியில் கிடைக்கவில்லை.

1998-ல் விமானப்படைக்குள்ளேயே ஒரு குழு நிம்ராடின் பறப்புத் தகுதியை ஆராய்ந்தது. குறைந்துகொண்டே போகும் வளங்களும் கூடிக்கொண்டே போகும் பணிச்சுமையும் ஒன்றோடொன்று மோதுகின்றன என்று அது எச்சரித்தது. அதே 1998-ல் பிரிட்டன் தன் பாதுகாப்புக் கொள்கையை மறுபரிசீலனை செய்தது. அதைத் தொடர்ந்து, படைகளின் தளவாடப் பிரிவுக்கு ஐந்து ஆண்டுகளில் செலவை 20 விழுக்காடு குறைக்கும் இலக்கு வைக்கப்பட்டது. மறுசீரமைப்புக்கு மேல் மறுசீரமைப்பு வந்தது. விமானங்களின் பாதுகாப்பைக் கவனிக்க வேண்டிய அதே அதிகாரிகள்தான் அந்தச் சிக்கனத்தையும் நிறைவேற்ற வேண்டியிருந்தது. நாள் முழுக்க எதைப் பற்றிக் கேட்கிறார்களோ அதுவே முன்னுரிமை என்று ஆகிவிடுவது மனித இயல்பு. அவர்களிடம் கேட்கப்பட்டது செலவைப் பற்றி.

2004 நவம்பரில் எக்ஸ்வி 227 என்ற மற்றொரு நிம்ராடில், துணைக் குளிரூட்டிக்குப் போகும் அதே சூடான காற்றுக் குழாய் அரிப்பினால் பறக்கும்போதே பிய்ந்தது. வெளியேறிய காற்று சுற்றிலும் இருந்த பொருட்களைக் கருக்கியது. விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது. ஒரு விபத்து அன்றே தன் முகத்தைக் காட்டிவிட்டுப் போனது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அதைத் தனித்த ஒரு சம்பவமாக எடுத்துக்கொண்டு, குழாயைப் பழுதுபார்ப்பதோடு பெரும்பாலும் விஷயம் முடிந்தது. சூடான குழாய் இப்படிப் பிய்ந்தால் பக்கத்தில் என்னென்ன இருக்கின்றன என்ற கேள்வி போக வேண்டிய தூரம் போகவில்லை.

பாதுகாப்பு ஆவணம்: 2001 முதல் 2005 வரை

இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் வலிக்கும் பகுதி இதுதான். அதனால் இங்கே சற்று நிற்கிறேன்.

1988-ல் வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை எரிந்து 167 பேர் இறந்தார்கள். அதன் விசாரணைக்குப் பிறகு பிரிட்டனில் ஒரு முறை வலுப்பெற்றது. ஆபத்தான ஓர் அமைப்பை இயக்குபவர், அதில் என்னென்ன ஆபத்துகள் இருக்கின்றன, அவற்றை எப்படிக் கட்டுப்படுத்தியிருக்கிறோம் என்பதைத் தானே ஆராய்ந்து எழுதி நிறுவ வேண்டும். இதுதான் பாதுகாப்பு ஆவணம். தீயில் பிறந்த யோசனை, நல்ல யோசனை. பின்னர் ராணுவ விமானங்களுக்கும் அது கட்டாயமானது.

நிம்ராடுக்கான ஆவணத்தைத் தயாரிக்கும் பணியில் மூன்று தரப்புகள் இருந்தன. தயாரித்தது பிஏஇ சிஸ்டம்ஸ் நிறுவனம், அதாவது விமானத்தை வடிவமைத்தவர்களின் வாரிசு. அதை மேற்பார்த்து ஏற்றுக்கொள்ள வேண்டியது பாதுகாப்பு அமைச்சகத்தின் நிம்ராட் திட்டக் குழு. சுயேச்சையான ஆலோசகராக இருந்து சரிபார்க்க வேண்டியது கினெடிக் நிறுவனம். கேட்டால் நல்ல ஏற்பாடுதான், மூன்று கண்கள்.

நடந்தது வேறு. பின்னர் வந்த மீளாய்வின்படி, தொடக்கத்திலிருந்தே எல்லோர் மனதிலும் ஓர் எண்ணம் ஊறியிருந்தது. நிம்ராட் முப்பது ஆண்டுகளாகப் பறக்கிறது, ஆகவே அது எப்படியும் பாதுகாப்பானதுதான் என்பது அந்த எண்ணம். இருக்கக்கூடிய ஆபத்தைத் தேடும் வேலை, ஏற்கெனவே தெரிந்த முடிவுக்குத் தாள் தயாரிக்கும் வேலையாக மாறியது. கட்டங்களில் டிக் போட்டார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே ஏட்டிலும் சுரைக்காய் முழுதாக வரையப்படவில்லை.

விமானத்தைப் பகுதி பகுதியாக ஆராய்ந்து ஆபத்துகளைப் பட்டியலிட்டார்கள். வலப்பக்க 7-ஆம் தொட்டி உலர் அறையும், அதில் போகும் சூடான குழாயும் அந்தப் பட்டியலில் வந்தன. எச் 73 என்று அதற்கு எண்ணும் இருந்தது. அதாவது ஆபத்து கண்ணில் படவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதை மதிப்பிட்டபோது, குறுக்குக் குழாய் எஞ்சினை இயக்கத் தொடங்கும்போது மட்டுமே சூடாகும் என்று தவறாகக் கருதிக்கொண்டார்கள். துணைக் குளிரூட்டி பறக்கும் நேரமெல்லாம் அந்தக் குழாயிலிருந்தே காற்றை எடுக்கிறது என்பது விடுபட்டது. 1969-ன் விமானத்தை மனதில் வைத்துக்கொண்டு 2004-ன் விமானத்தை மதிப்பிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

2004 ஆகஸ்ட் இறுதியில் ஆவணத்தை ஒப்படைக்கும் கூட்டம் நடந்தது. அப்போது 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட ஆபத்துகள் முடிவு காணப்படாமலும், 30 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை வகைப்படுத்தப்படாமலும் இருந்தன. ஆனால் வேலை முடிந்துவிட்டது என்ற எண்ணமே கூட்டத்தில் இருந்தவர்களுக்கு ஏற்படுத்தப்பட்டது. சுயேச்சையான ஆலோசகரின் தரப்பு, அறிக்கைகளைச் சரியாகப் படிக்காமலே தலையசைத்தது. திட்டக் குழுவில் இந்தப் பணியை நடத்தும் பொறுப்பு, ஒப்பீட்டளவில் இளைய ஒருவரிடம் போதிய மேற்பார்வை இன்றி விடப்பட்டிருந்தது. மீதமிருந்த ஆபத்துகளை அந்தக் குழு பின்னர் தானே முடித்துவைத்தது, போதாத தகவல்களையும் தவறான தகவல்களையும் வைத்து. எச் 73 ‘தாங்கக்கூடியது’ என்ற வகைக்குள் போய் அடங்கியது.

ஏன் இப்படி முடிவெடுத்தார்கள்? கெட்ட எண்ணத்தால் என்று நான் நினைக்கவில்லை. நிறுவனத்துக்கு ஒப்பந்தத் தேதி இருந்தது. ஆலோசகருக்கு வாடிக்கையாளரை மனம் கோணவிடக் கூடாது என்ற கவலை இருந்தது. திட்டக் குழுவுக்குச் செலவுக் குறைப்பும் ஆயிரம் அவசர வேலைகளும் இருந்தன. ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்திருப்பார் என்று நம்பினார்கள். மூன்று கண்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன, விமானத்தைப் பார்க்கவில்லை.

2006 செப்டம்பர் 2

அன்று கனடா தலைமையில் காந்தகாருக்கு அருகே பன்ஜ்வாய் பகுதியில், தலிபானுக்கு எதிரான மெடூசா நடவடிக்கை தொடங்கியிருந்தது. மத்திய கிழக்கில் உள்ள தளத்திலிருந்து எக்ஸ்வி 230 சர்வதேச நேரப்படி காலை 9.13-க்குப் புறப்பட்டது. குழுவில் 12 பேர் விமானப்படையினர், ஸ்காட்லாந்தின் கின்லாஸ் தளத்தைச் சேர்ந்தவர்கள். ஒருவர் தரைப்படை வீரர், ஒருவர் ராயல் மரீன்.

11 மணி அளவில் டிரைஸ்டார் டேங்கர் ஒன்றிடமிருந்து வானிலேயே எரிபொருள் நிரப்பிக்கொண்டது. அதை முடித்துப் பிரிந்த ஓரிரு நிமிடங்களில், 11.11-க்கு, குண்டு வைப்பறையில் தீ என்ற எச்சரிக்கை விளக்கு எரிந்தது. அதே நேரத்தில் பின்பகுதியில் தளத்துக்குக் கீழிருந்து புகை வந்தது. உண்மையில் தீ தொடங்கிய உலர் அறையில் எச்சரிக்கைக் கருவி இல்லாததால், அது அடுத்த அறைக்குப் பரவிய பிறகே அவர்களுக்குத் தெரிந்தது.

அவர்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். அவசரகால நடைமுறைகளைத் தொடங்கினார்கள், அபாய அழைப்பு விடுத்தார்கள், காந்தகார் விமான தளத்தை நோக்கித் திரும்பிக் கீழே இறங்கத் தொடங்கினார்கள். கேமரா இயக்குபவர் வலப்பக்க எஞ்சின்களுக்குப் பின்னால் தீச்சுவாலை தெரிவதாகச் சொன்னார். பாராசூட் இல்லை, நிம்ராடில் அவை வைக்கப்படுவதில்லை. அந்த அறைக்குள் நீரோ நுரையோ பாய்ச்ச வழியும் இல்லை. அருகில் பறந்த ஹாரியர் விமானி ஒருவர், எச்சரிக்கை வந்த சுமார் ஆறு நிமிடங்களில், சுமார் 3,000 அடி உயரத்தில் நிம்ராட் வெடிப்பதைக் கண்டார்.

குழுவினரின் நடத்தையை ஆராய்ந்த விசாரணைக் குழு, அவர்கள் நிதானத்தோடும் தொழில்திறத்தோடும் செயல்பட்டார்கள், அவர்கள் வேறு எதைச் செய்திருந்தாலும் விமானத்தைக் காப்பாற்றியிருக்க முடியாது என்று பதிவு செய்தது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு இது ஆறுதலா, கூடுதல் துயரமா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

விசாரணையும் உடனடி முடிவுகளும்

விழுந்த இடம் போர் நடக்கும் பகுதி. உடல்களும் சில முக்கியப் பதிவுகளும் மீட்கப்பட்டன. ஆனால் வழக்கமான விபத்து விசாரணையைப்போல் சிதைவு முழுவதையும் சேகரித்து ஒரு கூடத்தில் அடுக்கிப் பார்க்க முடியவில்லை. கையில் கிடைத்த தரவு, புகைப்படம், சாட்சியங்கள் ஆகியவற்றிலிருந்து, 7-ஆம் தொட்டி உலர் அறையில் எரிபொருள் சூடான குழாயைத் தொட்டதே தீக்கு மூலம் என்று விசாரணைக் குழு கண்டது. எரிபொருள் அங்கே வந்தது இரண்டு வழிகளில் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று, நிரப்பும்போது 1-ஆம் தொட்டியிலிருந்து வழிந்தது. மற்றது, அறைக்குள் இருந்த இணைப்பு ஒன்றின் கசிவு.

விபத்துக்குப் பின் விமானப்படை பறக்கும்போது துணைக் குளிரூட்டியையும் குறுக்குக் குழாயையும் பயன்படுத்துவதை நிறுத்தியது. இது சரியான முடிவு. ஆனால் வானில் எரிபொருள் நிரப்புவது தொடர்ந்தது. தரைப்படைகளுக்கு நிம்ராடின் கண் தேவைப்பட்டது, எரிபொருள் இல்லாமல் அந்தக் கண்ணை நெடுநேரம் வானில் வைத்திருக்க முடியாது. சூடு நீங்கிவிட்டதால் ஆபத்து நீங்கிவிட்டது என்ற வாதம் அதன் பின்னால் இருந்தது.

2007 நவம்பர் 5 அன்று ஆப்கானிஸ்தான் மீது எக்ஸ்வி 235 எரிபொருள் நிரப்பியபோது குண்டு வைப்பறைக்குள் எரிபொருள் பீய்ச்சியது. குழுவினர் அபாய அழைப்பு விடுத்துக் காந்தகாரில் பத்திரமாகத் தரையிறங்கினார்கள். குழாயில் சூடு இல்லாததால் தீ இல்லை. ஓராண்டுக்கு முன் எடுத்த முடிவின் பயன் அன்று தெரிந்தது, போதாமையும் அன்றே தெரிந்தது. அதன் பிறகுதான் நிம்ராடுகளுக்கு வானில் எரிபொருள் நிரப்புவது நிறுத்தப்பட்டது.

2007 டிசம்பரில் விசாரணை அறிக்கை வெளியானது. பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 2008 மே மாதம் மரண விசாரணை அதிகாரி, இந்த வகை விமானம் பறப்புத் தகுதி பெற்றதாக ஒருபோதும் இருந்ததில்லை என்று கூறி, எல்லா நிம்ராடுகளையும் தரையில் நிறுத்தச் சொன்னார். அரசு அதை ஏற்கவில்லை. ஆனால் எஞ்சின் பகுதியின் சூடான குழாய்களை மாற்றுவதற்கு 2009 மார்ச் இறுதியைக் கெடுவாக வைத்தது. அதற்குள் மாற்றப்படாத விமானங்கள் நிறுத்தப்பட்டன.

மீளாய்வு

சார்லஸ் ஹேடன்-கேவ் என்ற வழக்கறிஞரிடம் அரசு ஒப்படைத்த தனி மீளாய்வு 2009 அக்டோபர் 28 அன்று வெளியானது. கிட்டத்தட்ட 600 பக்கங்கள் கொண்ட அந்த அறிக்கை தன் தலைப்பிலேயே இதைத் தலைமை, பண்பாடு, முன்னுரிமை ஆகியவற்றின் தோல்வி என்றது. பாதுகாப்பு ஆவணம் ஒழுங்காகத் தயாரிக்கப்பட்டிருந்தால் இந்த விபத்தைத் தவிர்த்திருக்கலாம் என்று அது முடிவு செய்தது. இரண்டு நிறுவனங்களையும், அமைச்சகம் உள்ளிட்ட மூன்று தரப்புகளிலிருந்தும் பத்துத் தனிநபர்களையும் பெயர் சொல்லிக் கண்டித்தது.

பெயர் சொல்லியது சரியா என்று பிறகு பேச்சு எழுந்தது. என் கருத்தில் இரண்டும் உண்மை. அந்தப் பத்துப் பேர் தங்கள் மேசையில் செய்திருக்க வேண்டியதைச் செய்யவில்லை. அவர்கள் இருந்த நாற்காலிகளை அப்படி அமைத்தது, பல ஆண்டுகள் மேலிருந்து வந்த சிக்கனமும் மறுசீரமைப்பும். முதலாவதை மட்டும் சொன்னால் அடுத்து அந்த நாற்காலியில் உட்காருபவரும் அதையே செய்வார். இரண்டாவதை மட்டும் சொன்னால் கையெழுத்துக்கு ஒரு பொருளும் இராது.

அமெரிக்காவின் கொலம்பியா விண்ணோட விபத்தோடு நிம்ராட் விபத்தை அறிக்கை ஒப்பிட்டது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அங்கே எரிபொருள் தொட்டியின் நுரை பலமுறை உதிர்ந்து விழுந்தும் விண்ணோடம் திரும்பி வந்ததால், உதிர்வது இயல்பு என்றாகிவிட்டது. இங்கே எரிபொருள் பலமுறை கசிந்தும் விமானம் திரும்பி வந்ததால், கசிவது இயல்பு என்றாகிவிட்டது.

என்ன மாறியிருக்க வேண்டும்

மீளாய்வு சொன்னவற்றில் ஒன்றை இங்கே எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். ‘பாதுகாப்பு ஆவணம்’ என்ற பெயரையே ‘ஆபத்து ஆவணம்’ என்று மாற்றச் சொன்னது. மேலோட்டமாகப் பார்த்தால் வெறும் பெயர் மாற்றம். ஆனால் ‘பாதுகாப்பு’ என்று தலைப்பிட்ட தாளில் எழுத உட்காருபவர், அது பாதுகாப்பானது என்று காட்டத்தான் காரணம் தேடுவார். ‘ஆபத்து’ என்று தலைப்பிட்டால் ஆபத்தைத்தான் தேட வேண்டியிருக்கும். ஆவணம் சுருக்கமாக இருக்க வேண்டும், விமானத்தை இயக்குபவர்களே எழுத வேண்டும், புரியும் மொழியில் இருக்க வேண்டும், தாள்களின் எண்ணிக்கை குறைய வேண்டும் என்றும் சொன்னது. வெளியிலிருந்து ஒரு நிறுவனம் தயாரித்துக் கொடுக்கும் ஆயிரம் பக்கங்களைவிட, அந்த அறைக்குள் டார்ச் விளக்கோடு படுத்துப் பார்த்த பராமரிப்பாளர் எழுதும் இரண்டு பக்கங்கள் மேல் என்பதே இதன் பொருள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

என் பங்குக்கு மூன்று விஷயங்களைச் சேர்ப்பேன். முதலாவது, ஒரு மாற்றத்தைச் செய்யும்போது ‘இது பாதுகாப்பானதா’ என்று மட்டும் கேட்பது போதாது, இதனால் முன்பு பாதுகாப்பாக இருந்த எது இனி அப்படி இருக்காது என்றும் கேட்க வேண்டும். துணைக் குளிரூட்டி தன்னளவில் தீங்கற்றது, அது குறுக்குக் குழாயைத்தான் மாற்றிவிட்டது. இரண்டாவது, எக்ஸ்வி 227-ல் குழாய் பிய்ந்தபோது அதைப் பழுதுபார்த்தவரும் எச் 73-ஐ மதிப்பிட்டவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தால் இரு தாள்களும் ஒன்றையொன்று திருத்தியிருக்கும். நிகழ்வுப் பதிவும் ஆபத்துப் பட்டியலும் தனித்தனி அலமாரியில் இருக்கும் எந்த அமைப்பிலும் இந்த விபத்துக்கு இடம் உண்டு, அது விமானப்படையாக இருந்தாலும் ரசாயன ஆலையாக இருந்தாலும். மூன்றாவது, முடிவு காணப்படாத ஆபத்துகள் எத்தனை என்ற எண்ணை ஒப்படைப்புத் தாளின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட வேண்டும். அந்தக் கூட்ட அறையில் அது இருந்திருந்தால், அதன்மேல் கையெழுத்திட ஒருவருக்காவது கை கூசியிருக்கும்.

பின்னர்

நிம்ராட் எம்ஆர்2 விமானங்கள் 2010 மார்ச் 31 அன்று பணியிலிருந்து விலக்கப்பட்டன. மறுநாள், ஏப்ரல் 1 அன்று, ராணுவ விமானங்களின் பாதுகாப்பைக் கவனிப்பதற்கென்று, செலவுக் கணக்கிலிருந்து விலகி நிற்கும் ராணுவ வான்பறப்பு ஆணையம் பிரிட்டனில் பணியைத் தொடங்கியது. மீளாய்வின் நேரடி விளைவு அது.

தாமதமாகிக்கொண்டே வந்த எம்ஆர்ஏ4 திட்டத்தை அதே ஆண்டு அக்டோபரில் அரசு கைவிட்டது. கட்டி முடித்திருந்த விமானங்களை வெட்டிப் போட்டார்கள். கின்லாஸ் விமானத் தளம் மூடப்பட்டுத் தரைப்படையின் முகாமாக மாறியது. ஏறத்தாழ பத்து ஆண்டுகள் பிரிட்டனிடம் தனக்கென்று கடல் கண்காணிப்பு விமானமே இல்லை.

2020 பிப்ரவரியில், பொசைடன் என்ற கடல் கண்காணிப்பு வகையின் முதல் விமானம் அமெரிக்காவிலிருந்து வந்தது. அது நிலைகொள்ள வேண்டிய லாசிமவுத் தளத்தில் ஓடுபாதை வேலை நடந்துகொண்டிருந்ததால் பக்கத்திலிருந்த கின்லாஸில் இறங்கியது. எக்ஸ்வி 230-ன் பன்னிரண்டு விமானப்படையினர் பல ஆண்டுகள் புறப்பட்டும் திரும்பியும் வந்த அதே ஓடுபாதை அது.